மலைச் சரிவும் பழைய ஜீப்பின் கை பிரேக்கும்

காவிரி கர்நாடகத்தை விட்டுத் தமிழகத்துக்குள் இறங்கும் இடத்துக்கு அருகில், காட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே, கோபிநத்தம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் இவ்வூர் கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவில் அடங்கியிருந்தது. ராஜ்யங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது அத்தாலுகா மைசூருக்குப் போயிற்று. பின்னர் 1997-ல் மைசூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. ராஜ்யமும் மாவட்டமும் மாறினவே தவிர, ஊராரின் வீட்டுப் பேச்சு தமிழாகவே இருந்து வருகிறது. வீரப்பன் பிறந்த ஊர் என்ற வகையில் பத்திரிகைகளில் இதன் பெயர் அடிபட்டதுண்டு. நாம் இங்கே பேச வந்தது அதைப் பற்றியன்று. அவ்வூர்ப் பாதைகளைப் போன்ற மலைப் பாதைகளில் ஓடும் ஜீப்புகளைப் பற்றியும், அவற்றிலே பலரும் கவனியாமல் விட்டுவிடும் ஓர் உறுப்பைப் பற்றியுமே பேச விரும்புகிறோம்.

மாதேசுவர மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாகப் பாலாற்றுக்கு இறங்கும் சாலையைப் பார்த்தவர்கள், அந்தப் பிரதேசத்தில் ஒரு வண்டிக்கு ஓட்டம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நிற்பதும் என்பதை ஒப்புக்கொள்வார்கள். பெரிய சாலையைவிட்டுக் குக்கிராமங்களுக்குப் பிரியும் மண் பாதைகளில் சரிவு இன்னும் அதிகம். மழை பெய்தால் களிமண் வழுக்கும். சமவெளியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தப் போகிறவர் கை பிரேக்கைப் போட மறந்தாலும் பெரிய தீங்கு நேராது. மலைப் பாதையிலோ, பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, டிரைவர் மட்டும் இறங்கிப் பாதையில் விழுந்த கிளையை அகற்றப் போகிறார் என்றால், அந்தச் சில நிமிஷங்களுக்குப் பத்துப் பேருடைய உயிரும் கை பிரேக்கு ஒன்றின் பொறுப்பிலேதான் இருக்கிறது.

சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-ஆவது விதி, மோட்டார் சைக்கிள் முதலிய சிலவற்றை நீக்கி ஏனைய வண்டிகள் அனைத்திலும் காலால் இயக்கும் பிரேக்கு ஒன்றும் நிறுத்தி வைப்பதற்கான பிரேக்கு ஒன்றுமாக, ஒன்றையொன்று சார்ந்திராத இரண்டு பிரேக்கு அமைப்புகள் இருக்க வேண்டும் என்றும், இரண்டும் திறனுடையவையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவோர் இந்த இரண்டாவது பிரேக்குக்குப் பலவிதப் பெயர் கொடுத்துப் பார்த்ததுண்டு. நிறுத்தத் தடை என்பார் சிலர், கைத்தடை என்பார் சிலர். டிரைவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் ஹாண்ட் பிரேக் என்றே சொல்கிறார்கள். பெயர் எதுவாயினும் நமக்கு வழக்கில்லை. ஆனால் ஒரே பெயரால் வழங்குவதால் எல்லா வண்டியிலும் அது ஒரே பொருள்தான் என்று எண்ணிவிடுகிறோமே, அங்கேதான் தவறு நேருகிறது. இன்றைய சாதாரணக் காரில் கை பிரேக்கு பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. பழைய நாற்சக்கர இயக்க ஜீப்பில் அது எந்தச் சக்கரத்தையும் தொடுவதில்லை.

பின் எதைப் பிடிக்கிறது? எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி முதலில் கியர் பெட்டிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்பர் பெட்டிக்கும் செல்கிறது. நாலு சக்கரத்துக்கும் இயக்கத்தைப் பங்கிடுவது டிரான்ஸ்பர் பெட்டியின் வேலை. அதன் முன்புறத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு முன் ஆக்சிலுக்கும், பின்புறத்திலிருந்து மற்றொன்று பின் ஆக்சிலுக்கும் போகின்றன. இவையே புரொப்பல்லர் ஷாப்ட் எனப்படுபவை. பின் ஷாப்ட் டிரான்ஸ்பர் பெட்டியைவிட்டுப் புறப்படும் இடத்தில் ஒரு சிறிய டிரம் பொருத்தப்பட்டிருக்கும். டிரைவர் கைப்பிடியை இழுத்தால் இறுகுவது இந்த டிரம்தான். 1941-லிருந்து இரண்டாம் உலக யுத்தத்துக்கென்று வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பில், டிரம்மின் வெளிப்புறத்தைச் சுற்றி இறுக்கும் பட்டை இருந்தது. பின்னர் வந்த பொதுமக்கள் ஜீப்புகளில் டிரம்முக்குள்ளிருந்து விரியும் ஷூக்கள் வந்தன. 1948-ல் பிரிட்டனில் வெளிவந்த லாண்ட் ரோவரும் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்திலேயே இவ்விதமான டிரம்மை வைத்துக்கொண்டது. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனியார் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய காலந்தொட்டு, இந்த அமைப்பு மலைநாட்டு டிரைவர்களுக்குப் பழகிப்போன ஒன்றாயிற்று.

இப்படி அமைத்தவர்கள் அறியாமல் செய்துவிடவில்லை. கல்லிலும் சேற்றிலும் துள்ளி ஏறி இறங்குகிற சக்கரத்துக்குக் கேபிள் கொண்டுபோனால் அது எதிலாவது மாட்டி அறுந்துபோகும். டிரான்ஸ்பர் பெட்டியோ சட்டத்தோடு நிலையாக நிற்பது. அதற்கு ஒரு குட்டையான இணைப்பே போதும். ஓடையைக் கடக்கும்போது சக்கரங்கள் நீரில் மூழ்கினாலும் டிரம் சற்று உயரத்தில் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கை மிதித்து மிதித்துச் சக்கர டிரம்கள் கொதித்தாலும், இந்த டிரம் குளிர்ந்தே இருக்கிறது. இவற்றிலெல்லாம் பெரிய அனுகூலம் மற்றொன்று. இந்த ஜீப்புகளின் பின் ஆக்சிலில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஷாப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். ஆகவே ஷாப்ட்டைப் பிடிக்கும் பலம், சக்கரத்தை எட்டும்போது ஐந்து மடங்காகிறது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஆட்களும் மூட்டைகளுமாக வண்டியின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 18 மீட்டர் ஏறும் சரிவில் அது நிற்கிறது. வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 266 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், அச்சில் 93 கிலோ-மீட்டர் முறுக்கு விசையை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். டிரம்மிலோ அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 19 கிலோ-மீட்டர் போதும். சிறிய டிரம் பெரிய வண்டியை நிறுத்தி வைப்பதன் ரகசியம் இதுவே. 18 என்ற எண்ணை நாம் மனம்போனபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13-ஆம் ஒழுங்குமுறை, பாரம் ஏற்றிய வண்டியை 18 சதவீதச் சரிவில் மேல் நோக்கியும் கீழ் நோக்கியும் கை பிரேக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்று புது வண்டிகளுக்கு நிபந்தனை விதிக்கிறது. கைப்பிடியை இழுப்பதற்கு ஓர் அளவுக்கு மேல் பலம் தேவைப்படலாகாது என்பதும் அதன் நிபந்தனை.

இவ்வளவு அனுகூலமுள்ள அமைப்பில் ஆபத்து எங்கே வருகிறது என்று கேட்கலாம். டிரம்முக்கும் சக்கரத்துக்கும் இடையே டிபரென்ஷியல் இருப்பதால் வருகிறது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகத் தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது டிபரென்ஷியல். ஷாப்ட் அசையாமல் பூட்டப்பட்டிருந்தாலும் அது தன் குணத்தை விடுவதில்லை: ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுழன்றால் மற்றது அதே அளவு பின்னோக்கிச் சுழலும். இரண்டு சக்கரமும் நல்ல தரையைப் பற்றி நிற்கும்வரையில், இரண்டும் ஒரே திசையில்தான் உருள விரும்புகின்றன. ஷாப்ட் அதைத் தடுப்பதால் வண்டி நிற்கிறது. ஒரு பின் சக்கரம் சேற்றில் வழுக்கியதோ, அல்லது ஜாக்கியால் தூக்கப்பட்டதோ, உடனே அந்தச் சக்கரம் எதிர்ப்புறம் சுழல ஆரம்பிக்கும். தரையிலிருக்கும் சக்கரத்துக்கு உருள வழி பிறந்துவிடும். கை பிரேக்கு சிறிதும் தளராமல் முழுப் பிடியில் இருக்கும்போதே வண்டி நகர்ந்துவிடும். பஞ்சரான பின் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி போடுகிறவர், கை பிரேக்கை நம்பி மறு சக்கரத்துக்கு அண்டை வைக்காமல் விடுவாரானால், அவர் நம்பியது இல்லாத ஒன்றை.

காரிலே இப்படி நேராது. அங்கே இடச் சக்கரத்தின் பிடி இடச் சக்கரத்துக்கு, வலச் சக்கரத்தின் பிடி வலச் சக்கரத்துக்கு. ஒன்று வழுக்கினாலும் மற்றது தன் பங்கை விடாமல் பிடிக்கும். ஜீப்பிலோ இரண்டு சக்கரமும் சேர்ந்து எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டில் குறைவாகப் பற்றும் சக்கரத்தைப் பொறுத்தது. பின் டயர்களில் ஒன்று புதிது, ஒன்று மொட்டை என்றால், மொட்டையின் பிடிதான் இரண்டுக்கும் அளவு. கை பிரேக்கைச் சோதிக்கிறவர் டயரைப் பார்ப்பது சம்பந்தமில்லாத காரியம் போலத் தோன்றலாம். இந்த வண்டியில் அது சம்பந்தமுள்ளதே.

மற்றொரு பலவீனமும் உண்டு. பிடி டிரம்மில் தொடங்கி ஷாப்ட், அதன் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட் கிராஸ்கள், பினியன், கிரௌன் சக்கரம், அரை ஆக்சில் என்று ஒரே சங்கிலியாகச் செல்கிறது. இதில் ஒரு கண்ணி முறிந்தால் இரண்டு சக்கரமும் ஒருங்கே விடுபடும். பின் ஷாப்ட் பழுதாகி அதைக் கழற்றிவிட்டு, முன் இயக்கத்தில் மட்டும் காட்டிலிருந்து வெளியே வருகிற டிரைவர்கள் உண்டு. அவ்வேளையில் முன் இயக்கத்தின் லீவரை விலக்கிவிட்டால், கை பிரேக்கு வெறும் டிரம்மைப் பிடித்துக்கொண்டிருக்குமே அல்லாமல் வண்டியைப் பிடிக்காது.

இனிச் சோதனைக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும். எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படுகிறது. சொந்த உபயோகத்து வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு சோதனைக்கு உட்படுத்தி ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 15 ஆண்டு கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவு, பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு முதலிய காரியங்களுக்கான தனி வண்டிகள் நீங்கலாக, புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே இன்று எஞ்சியுள்ள பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை தனியாரிடத்தில், தோட்டங்களிலும் மலைக் கிராமங்களிலும் இருக்கின்றன. கோபிநத்தத்தில் அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர் மாவட்டத் தலைநகரான சாமராஜநகருக்குச் செல்ல 100 கிலோமீட்டருக்கு மேல் மலை ஏறி இறங்க வேண்டும். போய்ச் சேரும் சோதனைத் திடல்களோ எங்குமே பெரும்பாலும் சமதளமானவை. சரிவில் வாழப்போகும் பிரேக்கைச் சமதளத்தில் பார்த்துச் சான்று கொடுப்பதில் உள்ள முரண்பாட்டை வாசகர்கள் தாமே உணரலாம்.

சமதளத்தில் வழக்கமாகச் செய்யப்படுகிற ஒரு பரீட்சை உண்டு. கை பிரேக்கை இழுத்து, வண்டியைக் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுவார்கள். எஞ்சின் அணைந்துபோனால் பிரேக்கு நன்று என்று கொள்வார்கள். இது வழக்கமாகிவிட்டதே தவிர நல்ல வழக்கமல்ல. எஞ்சின் எப்போது அணையும் என்பது எந்த கியர், கிளட்சு எவ்வளவு தேய்ந்தது, டிரைவர் எவ்வளவு வேகமாகக் காலை எடுத்தார் என்பவற்றைப் பொறுத்தது. மேலும் ஜீப்பில் எஞ்சினின் முறுக்கு டிரம்மிலேயே நேராக மோதுகிறது. பின் ஆக்சிலுக்கு அதில் வேலையே இல்லை. ஆக, சங்கிலியின் மிச்சக் கண்ணிகளைப் பற்றி அந்தப் பரீட்சை ஒரு செய்தியும் சொல்வதில்லை.

இப்போது எந்திரச் சோதனை நிலையங்கள் நாட்டில் பெருகி வருகின்றன. 2021-ல் இவற்றுக்கென்று தனி விதிகள் இயற்றப்பட்டன. இவற்றில் சக்கரங்களை உருளைகளின்மேல் ஏற்றி, உருளைகளை மோட்டாரால் சுழற்றி, பிரேக்கின் விசையை அளக்கிறார்கள். சாதாரண வண்டிக்கு இது மிக நேர்மையான முறை. மனிதருடைய தயவு தாட்சணியத்துக்கு இடமில்லை என்பதே பெரிய நன்மை. ஆனால் ஷாப்ட்டில் பிரேக்கு வைத்த ஜீப்பு உருளைமேல் ஏறும்போது மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, டிபரென்ஷியல் இரு சக்கரத்துக்கும் சமமாகவே விசையைப் பங்கிடுவதால், இடப்புற அளவும் வலப்புற அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இரு புறமும் சமம் என்று காட்டும் அந்தச் சீட்டைப் பார்த்து மகிழ வேண்டியதில்லை. பழுதான ஜீப்பிலும் அப்படித்தான் வரும். இரண்டாவது, முன் இயக்கம் பூட்டியிருந்தால், தரையில் நிற்கும் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களோடு சேர்ந்து சுழலப் பார்த்து, வண்டியை உருளையிலிருந்து எகிறச் செய்யும். ஆகவே டிரான்ஸ்பர் லீவர் இரு சக்கர இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இது மூன்றாவதிலும் முக்கியமானது. அந்த மூன்றாவது இதுதான்: பிடி இறுகி ஒரு சக்கரம் உருளையில் வழுக்கியதும் எந்திரம் அந்தப் பக்க மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை ஓடவிடுமானால், ஓடும் சக்கரம் நின்ற சக்கரத்தைப் பின்புறமாகத் திருப்பும், வண்டி குலுங்கிப் பக்கவாட்டில் நகரும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் நிற்கும்படி எந்திரத்தை அமைத்துக்கொண்டு, கைப்பிடியைப் படிப்படியாக இழுப்பதே முறை.

பிரிட்டனில் 1960-ல் தொடங்கிய ஆண்டுச் சோதனையில் இந்தச் சங்கடத்தை அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். நாலு சக்கரமும் நிரந்தரமாக இணைந்த வண்டிகளை உருளையில் ஏற்றலாகாது என்பது அங்கே சோதகர்களுக்கு இட்ட உத்தரவு. அத்தகைய வண்டியை ஓட்டி, வேகம் குறையும் விகிதத்தை ஒரு கருவியால் அளக்கிறார்கள். கை பிரேக்கு வண்டியின் எடையில் 16 சதவீதமாவது பிடிக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவு. கால் பிரேக்கின் குழாய்கள் இரு பகுதியாகப் பிரிக்கப்படாமல் ஒரே தொடராக உள்ள பழைய வண்டிகளில் அது 25 சதவீதம். இந்த வித்தியாசத்தின் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒரே தொடரான குழாயில் எங்கேனும் ஓட்டை விழுந்தால் நாலு சக்கரத்துப் பிரேக்கும் ஒரேயடியாகப் போய்விடும். நம் பழைய ஜீப்புகள் அந்த ரகத்தைச் சேர்ந்தவையே. அப்போது டிரைவருக்கு மிச்சமிருப்பது கியரும் கை பிரேக்கும்தான்.

எனினும், ஓடும் வண்டியில் ஷாப்ட் பிரேக்கை இழுத்துச் சோதிப்பதை நாம் விரும்பவில்லை. அது நிற்கும் வண்டியைப் பிடித்து வைக்கச் செய்யப்பட்டது. வேகத்தில் இழுத்தால் ஐந்து மடங்கான அதிர்ச்சி பினியனின் பற்களிலும் அரை ஆக்சிலிலும் இறங்கும். மலை இறக்கத்தில் கால் பிரேக்கு போய்விட்ட டிரைவர் ஆக்சில் முறியுமே என்று தயங்கமாட்டார், தயங்கவும் கூடாது. ஆனால் சோதனைத் திடலில் அந்த அதிர்ச்சியை வலிந்து கொடுப்பது, சோதனையாலேயே வண்டியைப் பலவீனமாக்கி அனுப்புவதாகும். ஓட்டித்தான் அளக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், மனிதர் நடக்கும் வேகத்தில், மெதுவாக இழுத்துப் பார்க்கலாம்.

ஆதலின் சரிவுச் சோதனையே இவ்வண்டிக்கு ஏற்றது என்று நாம் கருதுகிறோம். அதற்கு முன் வண்டியின் அடியில் புகுந்து பார்ப்பது முக்கியம். இந்த டிரம்முக்கு வரும் வியாதிகளில் தலையானது எண்ணெய். டிரான்ஸ்பர் பெட்டியின் பின் ஆயில் சீல் தேய்ந்தால், பெட்டியிலுள்ள எண்ணெய் கசிந்து நேரே டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைத்துவிடும். எண்ணெய் ஊறிய லைனிங்கை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, துடைத்தாலும் பயனில்லை. லைனிங்கை மட்டும் மாற்றிச் சீலை மாற்றாமல் விட்டால், சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. சீல் அடிக்கடி போகிறது என்றால் பெட்டியின் மூச்சுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே சூடேறிய காற்றுக்கு வெளியே போக வழியில்லாவிட்டால் அது எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். டிரம்மின் கீழ் விளிம்பில் கரிய பசை படிந்திருந்தால், மேற்கொண்டு சோதிக்காமலே பழுது என்று எழுதிவிடலாம்.

அடுத்து, ஷாப்ட்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் முறுக்கிப் பார்க்க வேண்டும். கிராஸ்களில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும். கேபிளில் துரு, பிரிந்த இழை, கைப்பிடியைத் தாங்கி நிற்கும் பல்லின் தேய்வு இவற்றையும் கவனிக்க வேண்டும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் கைப்பிடி டாஷ் பலகையிலிருந்து இழுக்கும் வகையில் இருக்கும். இழுத்த இடத்திலேயே அது நிற்கிறதா, வண்டி அதிர்ந்தால் நழுவுகிறதா என்று கைப்பிடியைத் தட்டிப் பார்ப்பது பழைய ஆய்வாளர்களின் வழக்கம், நல்ல வழக்கம்.

இன்னொரு பரீட்சை, செய்து பார்ப்பவருக்கு டிபரென்ஷியலின் குணத்தைக் கண்ணெதிரே காட்டிவிடும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தரையைவிட்டுத் தூக்கி, பின் ஆக்சிலை உறுதியான தாங்கிகளில் நிறுத்திய பிறகு, கை பிரேக்கைப் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அது சுற்றும்! இதைக் கண்டு, பிரேக்கு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். மறு சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அது எதிர்த்திசையில் சுற்றினால் டிரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால்தான் டிரம் நழுவுகிறது. பழக்கமில்லாத சோதகர் நல்ல வண்டியைத் தள்ளிவிடவும் கெட்ட வண்டியை ஏற்றுக்கொள்ளவும் இந்த ஓரிடத்தில் வாய்ப்பு அதிகம்.

பிறகே சரிவு. வண்டியில் அது வழக்கமாகச் சுமக்கும் எடை இருக்க வேண்டும். பொய்ப் பாரமாக மணல் மூட்டைகளை வைக்கலாம். டிரான்ஸ்பர் லீவர் இரு சக்கர இயக்கத்தில், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். முன்புறம் மேலே பார்க்கும்படி நிறுத்தி, கால் பிரேக்கை மிதித்தவாறே கை பிரேக்கை இழுத்து, பின் காலை மெள்ள எடுக்க வேண்டும். ஓர் ஆள் கையில் கட்டையுடன் சக்கரத்தருகே நிற்பது அவசியம். காலை எடுத்ததும் வண்டி ஒரு விரல் அளவு பின்வாங்கி, 'டொக்'கென்று நிற்கும். ஷாப்ட்டிலும் பற்களிலும் உள்ள சிறுசிறு இடைவெளிகள் நிரம்பும் ஓசை அது. புது ஜீப்பிலும் அது சிறிது உண்டு. ஆனால் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு அதிகமாகப் பின்வாங்குகிறது என்றால், பிரேக்கைவிட ஆக்சிலையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நின்றபின் சில நிமிஷமாவது அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் பட்ட லைனிங்கு முதலில் பிடித்து, பின் மயிரிழை மயிரிழையாக நழுவும். சக்கரத்திலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு கிழித்து வைத்தால் அது தெரிந்துவிடும். இதெல்லாம் முடிந்தபின் வண்டியைத் திருப்பி, முன்புறம் கீழே பார்க்கும்படி நிறுத்தி மறுபடியும் செய்ய வேண்டும். ஷூக்கள் ஒரு புறமாகத் தேய்ந்திருந்தால் ஒரு திசையில் பிடித்து மறு திசையில் விட்டுவிடும். ஒரு திசையில் பார்த்துத் திருப்தியடைவது பாதிச் சோதனையே.

முன் இயக்கத்தையும் பூட்டிச் சோதிக்கலாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. பூட்டினால் டிரம்மின் பிடி டிரான்ஸ்பர் பெட்டியின் வழியே முன் ஷாப்ட்டுக்கும் சென்று, நாலு சக்கரமும் வண்டியைத் தாங்கும். வழுக்கும் தரையில் அது மிகுந்த பாதுகாப்புத்தான். காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தும்போது அப்படியே செய்ய வேண்டும், கியரிலும் போட்டு வைக்க வேண்டும். முன் சக்கரங்களில் தனிப் பூட்டு உள்ள வண்டியானால், அதையும் பூட்டாவிட்டால் பயனில்லை. டிரான்ஸ்பர் லீவர் தவறி நியூட்ரலில் நின்றுவிட்டால், வண்டியைக் கியரில் போட்டிருப்பதும் வீண்; எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். ஆனால் சோதனையின் நோக்கம் டிரம்மின் உண்மை நிலையை அறிவது. வண்டிக்கு மற்ற உதவிகளைக் கொடுத்துவிட்டு டிரம்முக்கு மதிப்பெண் போடக் கூடாது.

சரிவு இல்லாத ஊரில் என்ன செய்வது? சிலர் முன் சக்கரங்களை மட்டும் ஒரு மேடைமேல் ஏற்றிவிட்டால் சரிவுதானே என்கிறார்கள். அது சரிவாகாது. ஒவ்வொரு சக்கரமும் சமமான தரையிலேயே நிற்பதால் வண்டி உருளவே முயலாது. பிரேக்கே இல்லாவிட்டாலும் நிற்கும். நாலு சக்கரமும் ஒரே சாய்தளத்தில் நிற்க வேண்டும். பழைய ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டரே உள்ளது. ஆகவே நாலு மீட்டர் நீளத்தில் 72 சென்டிமீட்டர் உயரும்படி மண்ணை அணைத்து, கல் பாவி, மேலே சொரசொரப்பான காரை போட்டால் 18 சதவீதச் சரிவு கிடைத்துவிடும். மேலே ஏறியபின் நிற்க ஒரு சிறு சமதளம், இரு ஓரத்திலும் சக்கரம் விலகாதபடி ஒரு சாண் உயர வரம்பு, கீழே யாரும் நடக்காதபடி ஒரு சங்கிலி இவையே மேற்கொண்டு வேண்டியவை. ஓர் எந்திரத்தின் விலையில் மிகச் சிறிய பகுதிகூட ஆகாது. தாலுகாத் தலைநகர் தோறும் இப்படி ஒரு சாய்தளத்தை அமைத்து, மலைக் கிராமத்து வண்டிகளை ஆண்டில் சில நாள் அங்கேயே வரவழைத்துச் சோதிக்கலாம்.

அவ்விதம் சோதிக்கும்போது, பிரேக்கு நன்று அல்லது பழுது என்று ஒரு சொல்லில் எழுதிவிடாமல், எத்தனை பல் இழுத்தபின் பிடித்தது, மேல் நோக்கி நின்றதா, கீழ் நோக்கி நின்றதா, காலை எடுத்ததும் எத்தனை விரற்கடை நகர்ந்தது, சீலில் கசிவு உண்டா என்ற ஐந்தையும் வண்டியின் புத்தகத்தில் குறித்துக் கொடுத்தால், அடுத்த ஆண்டு வருகிற ஆய்வாளர் யாராயிருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படும். வண்டி உரிமையாளரும் இடையிலே ஒரு நாள், தம் வீட்டு வாசலிலுள்ள மேட்டிலேயே, சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் கட்டையை வைத்துவிட்டு இதைத் தாமே செய்து பார்த்துக்கொள்ளலாம்.